நூதனசாலையில் மூன்றரை ரக்அத்

1

இந்த நாட்டில் வந்து இறங்கி நேற்றோடு பத்தொன்பது வருடம். வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை, நானும் சொல்லவில்லை. காலையில் நாலு குளிசை, மத்தியானம் இரண்டு, இரவு மூன்று. காலைக் குளிசைகளை விழுங்கிவிட்டு முன் அறைக் கட்டிலில் இருந்தபடி, ரோட்டில் போகிற பஸ்களை எண்ணினேன். மத்தியானத்துக்குள் இருபத்தேழு. அதில் இருபத்தொன்றில் ஐந்து பேருக்கு மேல் இல்லை. ஊரில் பாலாவிச் சந்தியில் ஒரு பஸ்ஸில் தொங்கும் சனத்தை இங்கே கொண்டு வந்து விட்டால் இந்த ரோட்டுக்கு ஒரு நாளுக்குக் காணும்.

எண்ணுவது என் தொழில். பாலாவி உப்பளத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணினேன். லொறியில் ஏறும் ஒவ்வொரு மூட்டைக்கும் கொப்பியில் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. எண்ணுகிறவனோடு கதைக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கதைத்தாலும் நான் பதில் சொல்ல மாட்டேன். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பகிடிக்குக் கதை கொடுத்துப் பார்ப்பார்கள். "சேர், உங்கட வீட்டுக்கு விருந்தாளி வந்தீக்காம்." "சேர், சாரத்தில கட்டெறும்பு." நான் வாய் திறப்பதில்லை. கடைசி மூட்டை ஏறி, மொத்தத்தைச் சொல்லி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் சாரத்தைப் பார்ப்பேன். ஒரு தடவை எறும்பு உண்மையாகவே இருந்தது.

இப்போது இருப்பது சில்லுக் கதிரையில். மூன்று வருடத்துக்கு முன் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே சின்னதாக ஒரு பக்கவாதமும் வந்து போனது. கை திரும்பிவிட்டது, கால் திரும்பவில்லை. மனைவி அதற்கும் மூன்று வருடம் முந்தியே மௌத்தாகிவிட்டாள், இந்தக் கோலத்தை அவள் பார்க்கவில்லை. அவளுடைய கப்ரு இந்த ஊர் மையவாடியில், வாசலிலிருந்து ஏழாவது வரிசை.

மகன் ரிஸ்வானுடைய வீடு இது. மருமகள் பர்ஹானா, பேரப்பிள்ளைகள் இரண்டு. பிள்ளைகளுக்கு நான் சொல்வது விளங்கும், பதில் இங்கிலீஷில் வரும். சின்னவள் என்னோடு ஒரு நாளைக்கு எத்தனை சொல் கதைக்கிறாள் என்று ஒரு கிழமை எண்ணினேன். சராசரி ஒன்பது. அதில் மூன்று 'ஓகே'. குறையாகச் சொல்லவில்லை. கணக்கைச் சொல்கிறேன்.

2

நான் பிறந்த கண்டக்குழியில் எனக்கு ஒரே ஒரு நானா, கூடப் பிறந்த அண்ணன். மஃரூப் நானா, எண்பத்துமூன்று வயது, எனக்கு ஐந்து வயது மூப்பு. எழுபது வயது வரைக்கும் கடலுக்குப் போனவர். வலது கண் முற்றாகப் போய்விட்டது. இடது கண்ணில், அவர் சொல்கிறபடி, இன்னும் அரைப்படி வெளிச்சம் மிச்சம். வருடக் கடைசி வரைக்கும் இருக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். நான் போவதானால் அதற்குள் போக வேண்டும். பிறகு போனால் என் குரல்தான் அவருக்குக் கிடைக்கும். அதை அவர் வெள்ளிக்கிழமைதோறும் டெலிபோனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

"வாறியா இல்லையா?" என்று கேட்பார்.

"மகன் விடணுமே, நானா."

"ஓம், ஓம். எழுபத்தெட்டு வயசுப் புள்ளைய தனிய விட ஏலாதுதான்."

ரிஸ்வான் பொல்லாதவன் இல்லை. பயந்தவன். "வாப்பா, பதினொரு மணித்தியாலம் பிளேன். பிறகு கட்டுநாயக்கவில இருந்து நாலு மணித்தியாலம் ரோட்டு. நடுவில உங்களுக்கு ஒண்டு எண்டா நான் யாரக் கூப்பிடுற?" என்பான். விமானக் கம்பனி வேறு ஒரு படிவம் கேட்டது. பிரயாணம் செய்யத் தகுதியானவர் என்று டொக்டர் எழுத வேண்டும். எங்கள் டொக்டரோ இதயமும் தலையும் சோதித்த அறிக்கை வந்தால் எழுதுகிறேன் என்றார். அந்தச் சோதனைக்கு வரிசை. பதினொரு கிழமை காத்திருந்தேன். நாலு கடிதம் வந்தது, நாலிலும் என் பொறுமைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். என்னிடம் பொறுமை இருப்பதாக அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

இப்படி இழுபட்டுக் கிடக்கும்போது ரிஸ்வான் ஒரு பரீட்சை வைத்தான். சில்லுக் கதிரைக்காரருக்கென்று மாதம் ஒரு முறை ஒரு சுற்றுலா இருக்கிறது. காலையில் வான் வந்து கதிரையோடு ஏற்றிக்கொண்டு போகும். பழைய தேவாலயம் ஒன்றையும் அதை ஒட்டி, பழங்காலச் சாமான்களைப் பார்வைக்கு வைத்திருக்கும் நூதனசாலையையும் வழிகாட்டி ஒருவர் சுற்றிக் காட்டுவார். பின்னேரம் கொண்டு வந்து விடுவார்கள்.

"போய், ஆறு மணித்தியாலம் கதிரையில இருந்து, ஒரு பிரச்சினையும் இல்லாம வாங்க," என்றான். "வந்தா டிக்கட் பத்திக் கதைப்போம்."

"பிரச்சினை வந்தா?"

"வந்தா இனி ஊர்க் கதை எடுக்கப்படாது, வாப்பா."

சரி என்றேன். எட்டாம் வகுப்பில் பரீட்சை எழுதியபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இருக்கவில்லை.

3

அதற்கும் ஒரு படிவம், பதினாலு கேள்வி. கதிரையின் அகலம், என் நிறை, என்ன நோய். அகலம் இருபத்தாறு அங்குலம், நிறை எழுபத்தொரு கிலோ. நோய் என்ற இடத்தில் பக்கவாதம் என்று எழுதினான் ரிஸ்வான். சிறியது என்று சேர்க்கச் சொன்னேன். இடம் போதாது என்றான்.

குறித்த நாளில் எட்டரைக்கு வான் வந்தது. பின்பக்கத்தில் ஒரு இரும்புத் தட்டு இறங்கி, என்னைக் கதிரையோடு தூக்கி உள்ளே விட்டது. நாலு கொளுக்கி போட்டுத் தரையோடு பூட்டினார்கள். ஐம்பத்தெட்டு மைல். கிலோமீட்டரில் தொண்ணூற்றுமூன்று. போகிற வழியிலேயே மனக்கணக்காகப் போட்டு வைத்தேன், தொழுகைக்கு வேண்டுமென்று.

மொத்தம் ஆறு கதிரை. வழிகாட்டியின் பெயர் ஜோன். எழுபது வயது இருக்கும். சம்பளமில்லாமல் செய்கிற வேலை இது, அதற்கு முன் முப்பது வருடம் தாதியாக இருந்தாராம். எல்லோருடைய படிவத்தையும் வாசித்துவிட்டு வந்திருந்தார். என்னிடம் வந்ததும் குனிந்து, என் முகத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தார். வாய் கோணுகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது.

தேவாலயத்தின் முன்வாசலில் ஒன்பது படி. பக்கத்து வாசலில் ஒரு சாய்வுப் பாதை, அறுபது அடி நீளம். யாரும் தள்ளாமலே நான் ஏறுகிற மாதிரி அவ்வளவு மெல்லிய சாய்வாகக் கட்டியிருந்தார்கள். அதில் ஏறும்போது எனக்கு அசன் மாமாவின் ஞாபகம் வந்தது.

அசன் மாமா கண்டக்குழியில் எங்கள் பக்கத்து வீடு. கரைக்கு ஏற்றும்போது வள்ளம் சரிந்து விழுந்து இரண்டு காலும் போனது. எங்கள் பள்ளிவாசலுக்கு ஆறு படி. அவர் ஐந்து நேரமும் கையால் ஊன்றி ஊன்றி வந்து, கடைசிப் படிக்குக் கீழே மணலில் ஒரு சாக்கை விரித்துத் தொழுவார். மழை நாளில் சாக்கைத் தலையில் போட்டுக்கொள்வார். அது அவருடைய இடம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்த ஆறு படியை நான் எண்ணியிருக்கிறேன். அவரோடு சேர்த்து எண்ணவில்லை.

உள்ளே எல்லாவற்றையும் இருக்கிற ஆளின் கண் மட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தார்கள். மரத்தில் செதுக்கிய பழைய வேதக்காரப் பெரியார்கள் பதினொரு பேர், அதில் மூக்கு உள்ளவர்கள் நாலு பேர். இதையெல்லாம் நான் பார்க்கலாமா என்று முதலில் ஒரு சந்தேகம் வந்தது. பார்ப்பதற்குத்தான் வந்திருக்கிறேன், வணங்க வரவில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். ஒரு பெரிய படம், கடலில் வலை இழுக்கும் சீடர்கள். ஜோன் அதன் நிறங்களைப் பற்றி ஏழு நிமிடம் சொன்னார். பிறகு, "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று என்னைக் கேட்டார்.

"வலையில் மிதப்புக் கட்டை இல்லை," என்றேன். "வள்ளத்தில் பன்னிரண்டு பேர். அந்த வள்ளம் ஆறு பேருக்கு மேல் தாங்காது. மீனும் ஏறினால் கவிழும்."

மற்ற ஐந்து கதிரையும் சிரித்தது. ஜோனும் சிரித்து, இத்தனை வருடத்தில் யாரும் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மூன்று மணித்தியாலம் கழிந்துவிட்டது, மூன்றுதான் மிச்சம். இடுப்பு நோகவில்லை. மகனுடைய பரீட்சையில் பாதி பாஸ்.

4

பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பாட்டு இடைவேளை. நான் கழிவறைக்குப் போய், தொழுகைக்காக முகம் கை கால் கழுவி வுழூ செய்துகொண்டேன். அந்தக் கழிவறையைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதலாம். கதிரையோடு முழு வட்டம் சுற்றலாம், குழாய் கைக்கு எட்டும். நானா வீட்டுக் கழிவறைக் கதவு இருபத்திரண்டு அங்குலம். டெலிபோனில் அவரை அளக்க வைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மேல்மாடி. லிஃப்டில் இரண்டு கதிரைதான் கொள்ளும், மூன்று தடவை ஏற்றினார்கள். நான் முதல் தடவையில் ஏறினேன். மேலே கடைசி அறையில் எங்கள் ஆட்களுடைய சாமான்கள். தட்டு, விளக்கு, எழுத்து வேலை செய்த ஓடுகள். சுவரில் ஒரு முழு மிஹ்ராப், தொழும் திசையைக் காட்டும் மாடம், நீல ஓட்டில். எந்த நாட்டுப் பள்ளியில் இமாமுக்கு முன்னால் இருந்ததோ, இங்கே கொண்டு வந்து பதித்திருக்கிறார்கள். அறையில் வேறு யாரும் இல்லை. மணி ஒன்று பத்து. மற்றவர்கள் ஏறி வர எட்டு நிமிடமாவது ஆகும். மத்தியானத் தொழுகையான லுஹரைத் தொழுதுவிடலாம் என்று தோன்றியது.

டெலிபோனில் திசை பார்த்தேன். அந்த மிஹ்ராப் பதித்திருந்தது மேற்குச் சுவரில். இந்த நாட்டில் கிப்லா, நாங்கள் தொழ வேண்டிய திசை, தென்கிழக்கு. ஆகவே மிஹ்ராபுக்கு முதுகைக் காட்டிக் கதிரையைத் திருப்பி, மூலையைப் பார்த்து நிறுத்தினேன். மூலையில் ஒரு நெருப்பணைக்கும் சிலிண்டர் தொங்கியது.

அடுத்தது எத்தனை ரக்அத் என்ற கேள்வி. நின்று, குனிந்து, தலை தாழ்த்தி எழும்பும் ஒரு சுற்று ஒரு ரக்அத். லுஹருக்கு நாலு, பிரயாணிக்கு இரண்டு. நாங்கள் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் எண்பது சொச்சம் கிலோமீட்டர் தாண்டினால் பிரயாணி, நான் தொண்ணூற்றுமூன்று தாண்டியிருந்தேன். இரண்டாகச் சுருக்கலாம், குற்றமில்லை. ஆனால் சுருக்கினால், காலையில் விட்டு வந்த அந்த நகரம் என் ஊர் என்று ஒப்புக்கொண்டதாகும். ஊரை விட்டுப் புறப்பட்டவன்தானே பிரயாணி. பத்தொன்பது வருடமாக அதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. வீம்புக்கு நாலு என்று மனதில் நிய்யத்து வைத்து, தக்பீர் கட்டித் தொடங்கினேன்.

கதிரையில் இருந்து தொழுகிறவன் ருகூவுக்குக் கொஞ்சம் குனிய வேண்டும், ஸுஜூதுக்கு அதைவிடக் கூடக் குனிய வேண்டும். தலை நெஞ்சில் படும். மற்ற நேரம் வாய் மட்டும் அசையும்.

மூன்றாவது ரக்அத்தில் ஜோனுடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"ஐயா, சுகமாக இருக்கிறீர்களா?"

தொழுகையில் இருப்பவன் பதில் சொல்ல முடியாது. நான் சொல்லவில்லை.

"ஐயா? நான் பேசுவது கேட்கிறதா என்று சொல்லுங்கள்."

மூன்றாவது ரக்அத்தின் ஸுஜூது. தலையைத் தாழ்த்தினேன். அவர் என்ன கண்டிருப்பார் என்று இப்போது விளங்குகிறது. பக்கவாதம் வந்த கிழவன் ஒருவன் மூலையைப் பார்த்து இருக்கிறான், வாய் முணுமுணுக்கிறது, கேட்டால் பதிலில்லை, தலை தொங்குகிறது. நாலாவதில் நான் ருகூவிலிருந்து நிமிரும்போது தோளைப் பிடித்து உலுக்கினார். நிறுத்தியிருக்கலாம். அவசரத்துக்குத் தொழுகையை முறிக்க அனுமதி இருக்கிறது. ஆனால் முப்பத்தொரு வருடப் பழக்கம், கடைசி மூட்டை ஏறாமல் வாய் திறப்பதில்லை. இன்னும் அரை ரக்அத்துத்தானே என்று இருந்தேன்.

அவர் அவசர மணியை அழுத்திவிட்டார். கட்டிடம் முழுக்க ஊளையிட்டது. மூன்று காவலாளிகள் ஓடி வந்தார்கள். ஒருவர் என் தாடையைப் பிடித்து நிமிர்த்த, இன்னொருவர் பிராணவாயு முகமூடியை மாட்டினார். மூன்றா, மூன்றரையா, அங்கேதான் எனக்கு எண்ணிக்கை தப்பியது.

"தொழுகை," என்றேன் முகமூடிக்குள்ளிருந்து. தமிழில்தான் வந்தது. இங்கிலீஷ் அந்த நேரத்தில் வரவில்லை. "பேச்சுக் குழறுகிறது," என்று ஜோன் அம்புலன்ஸ்காரருக்குச் சொன்னார்.

5

அம்புலன்ஸில் ஏற்றிய பிறகு இங்கிலீஷ் திரும்பி வந்தது. தொழுதுகொண்டிருந்தேன் என்று நாலு தடவை சொன்னேன். மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். இருந்தாலும் ஏற்றியவரைச் சோதிக்காமல் இறக்கக் கூடாதாம், அது அவர்களுடைய சட்டம். ஐந்து மணித்தியாலம். தலையைப் படம் எடுத்தார்கள், நெஞ்சிலும் கை காலிலும் பத்து வயர் ஒட்டினார்கள், ஐந்து குழாய் இரத்தம் எடுத்தார்கள்.

ஜோனும் கூடவே வந்தார். விஷயம் விளங்கியபோது அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்கள் அந்த நீல மாடத்தைப் பார்த்து இருந்திருந்தால் எனக்குப் பிடிபட்டிருக்கும்," என்றார். "அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தீர்களே."

"மாடம் பிழையான சுவரில் இருக்கிறது," என்றேன்.

அதைக் குறித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். என்னை உலுக்குமுன் அறை வாசலில் நின்று, படிவத்தில் இருந்த நம்பருக்கு, என் மகனுக்கு, டெலிபோன் எடுத்தாராம். "உங்கள் தந்தை தலையைக் குனிந்துகொண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்கிறார். வழக்கமாக இப்படிச் செய்வாரா என்று கேட்டேன். ஒருபோதும் இல்லை, உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார்."

அந்த அழைப்பு ஒன்று பதினெட்டுக்கு. ஒன்று பதினெட்டுக்கு ஒரு கிழவன் தலையைக் குனிந்து பேசாமல் இருந்தால் அது என்னவென்று கண்டக்குழியில் கோழிக்குஞ்சுக்கும் தெரியும். என் மகனுக்குத் தோன்றவில்லை. நான் கதிரையில் தொழுவதை அவன் பார்த்ததில்லை. சுபஹுக்கு அவன் நித்திரை, லுஹருக்கும் அஸருக்கும் வேலை, மஃரிபுக்கு ரோட்டில், இஷாவுக்கு என் அறைக் கதவு சாத்தியிருக்கும். அவனும் தொழுதவன்தான். கண்டக்குழிப் பள்ளியில் ஏழு வயதில் முதல் வரிசைக்கு ஓடி, பெரியவர்களிடம் காது முறுக்கு வாங்கியவன். எப்போது விட்டான் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எண்ணினேன், அதை மட்டும் எண்ணாமல் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்தவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. முதலில் என் கையைப் பிடித்தான். பிறகு கோபம் வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே வாப்பா, அந்த மனுசிக்கு."

"தொழுகையில எப்படி மகன் சொல்ற?"

"தொழ முந்தி."

அது நியாயம்.

"இனி ஊர்க் கதை வேணாம்," என்றான். "இது கண்டக்குழியில நடந்திருந்தா என்ன செஞ்சிருப்பாங்க?"

"தொழுற ஸஃபில கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டிருப்பாங்க," என்றேன்.

அவன் என் சப்பாத்தைத் தேடி எடுத்துக் காலில் மாட்டினான். 

6

நாலு நாள் வீட்டில் என் பயணத்தைப் பற்றிக் கதையே இல்லை. ஐந்தாம் நாள் பர்ஹானா தேத்தண்ணியோடு வந்து என் கட்டில் ஓரத்தில் இருந்தாள். கையில் ஆஸ்பத்திரி தந்த இரண்டு பக்கக் கடிதம்.

"மாமா, இத முழுக்க வாசிச்சீங்களா?"

வாசித்தேன், நல்ல செய்தி ஒன்றும் தேடவில்லை என்றேன்.

"இதயம் சரி, தலைப் படம் சரி, இரத்தம் சரி. பிளேன்காரன் கேக்கிறது இதத்தானே? பதினொரு கிழமை காத்திருந்தீங்க. ஜோன் உங்களுக்கு அஞ்சு மணித்தியாலத்தில எடுத்துத் தந்தீக்கிறாங்க."

நான் அவளைப் பார்த்தேன். இவள் பெற்றோர் மன்னார்க்காரர். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு, ஒரு பையோடு பாலாவியில் வந்து இறங்கியவர்கள். இவள் அகதி முகாமில் பிறந்தவள். அவர்கள் வந்த காலத்தில் நான் உப்பளத்தில்தான் இருந்தேன். வெற்று உப்புச் சாக்குகளை முகாமுக்குக் கொடுத்தோம், கூடாரத்துக்கு. இருநூற்று நாற்பது சாக்கு. அதுவும் எண்ணித்தான் கொடுத்தேன்.

நாலா இரண்டா என்று நான் அன்று பட்ட பாட்டை அவளுக்குச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க வாப்பா வந்த புதுசில ரெண்டு ரெண்டாத்தான் தொழுதாராம்," என்றாள். "இண்டைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் எண்டு இருக்கிறவன் பதினெட்டு நாள் வரைக்கும் சுருக்கலாம் எண்டு முகாமில ஆலிம்சா சொன்னாராம். வாப்பா ஒரு குச்சியால மண்ணில கோடு கீறிக் கீறி எண்ணினாராம். பத்தொன்பதாம் நாள் நாலு தொழுதாராம். மன்னார் வீடு இல்லாமப் போயிட்டு எண்டு அண்டைக்குத்தான் தனக்கு விளங்கிச்சி எண்டு உம்மா சொல்லுவா."

அவளுடைய வாப்பாவோடு நான் டெலிபோனில் பலமுறை கதைத்திருக்கிறேன். சம்பந்தம் பேசியபோது மூன்று மணித்தியாலம் கதைத்தோம். இதை அவர் சொன்னதில்லை. முப்பத்தைந்து வருடமாகப் பாலாவியில் நாலுதான் தொழுகிறார். இன்னும் அங்கே சிலர் அவரை அகதிக்காரர் என்கிறார்கள்.

அவள் எழும்பிப் போகுமுன், "ரிஸ்வானோட நான் கதைக்கிறேன் மாமா. நீங்க வாய் திறக்க வேணாம். எண்ணிக்கொண்டிருங்க," என்றாள்.

என்ன கதைத்தாள் என்று தெரியாது. சமையலறைக் கதவு நாற்பது நிமிடம் சாத்தியிருந்தது. மறுநாள் ரிஸ்வான் டெலிபோனும் கையுமாக வந்தான். ஒன்பது நாள் லீவு. கண்டக்குழியில் வெள்ளைக்காரர் காற்றாடி கட்டிக் கடலில் சறுக்க வந்து தங்கும் விடுதிகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றில் கதிரை போகிற அறை ஒன்று இருக்கிறதாம், கழிவறைக் கதவு முப்பத்தாறு அங்குலம். அது மூன்று இரவுக்குத்தான் கிடைத்தது. சனிக்கிழமை பின்னேரம் போய், செவ்வாய் காலை புறப்பாடு. மிச்ச நாள் கொழும்பில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில்.

"மூண்டு இரவு போதுமா வாப்பா?" என்றான்.

பத்தொன்பது வருடத்துக்கு மூன்று இரவு. போதும் என்றேன்.

7

வெள்ளிக்கிழமை நானாவுக்குச் சொன்னேன்.  அவர் வழமைபோலக் கதைத்தார்.

"நூதனசாலையில ஒன்னயும் சாமானெண்டு எடுத்து வெச்சிடுவாங்களோ எண்டு பயந்தன்."

"நானா, ஒரு சந்தேகம். வாற நாளும் போற நாளும் கணக்கில்ல. நடுவில ரெண்டே நாள், நாலு நாளைக்குக் கொறைய. அப்ப நான் அங்க பிரயாணி. ரெண்டு ரக்அத்."

"பொறந்த ஊர்ல நீ பிரயாணியா? ஒனக்குப் பைத்தியமா?"

"மௌலவிட்டக் கேளுங்க."

கேட்டுவிட்டு மறுநாளே அவர் எடுத்தார். வெள்ளிக்கிழமை அல்லாத நாளில் அவர் எடுப்பது அபூர்வம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கேட்டன். குடியிருப்ப மாத்திட்டான், திரும்பி வந்து இருக்கிற எண்ணமும் இல்ல எண்டா, அவன் பிரயாணிதானாம். எண்ணம் ஈக்கா எண்டு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல?"

 ஏழாவது வரிசையில் மனைவி இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்து இடத்துக்கு எழுதிக் கொடுத்து ஆறு வருடம். இதை நானாவிடம் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும் என்று அந்தக் கேள்வியில் எனக்குத் தெரிந்தது.

"ஆனா இன்னொண்டும் சொன்னாரு," என்றார் நானா. "ஊர் இமாமுக்குப் பின்னால நிண்டு தொழுதா, பிரயாணிக்கும் நாலுதானாம். சுருக்க ஏலாதாம். அதனால நீ விடுதியில தனியக் கிடந்து தொழாத. பள்ளிக்கு வா."

"ஆறு படி ஈக்கே நானா."

"இருபத்தெட்டு அடி வள்ளத்த மணல்ல ஏத்துறவங்க இங்க ஈக்கிறாங்க. நீ எழுபத்தொரு கிலோ."

"அசன் மாமாவ யாரும் ஏத்தல்லையே."



"ஓம்," என்றார். "ஏத்தல்ல. அந்த மனுசன் கேக்கவுமில்ல, நாங்க நெனைக்கவுமில்ல." பிறகு தொண்டையைச் செருமினார். "பழைய வள்ளத்துப் பலக நாலு வீட்டுக்குப் பின்னால கிடக்கு. படிக்கு மேல போடச் சொல்லியீக்கிறன். நீ போன பொறகும் அது கிடக்கட்டும். சில்லு நாலையும் நான் கழுவித் தாறன். கால் கழுவாம யாரையும் உள்ள விடுறதில்ல."

எங்கள் பள்ளியில் கிப்லா கடல் பக்கம். யன்னல் திறந்திருந்தால் இமாமின் தோளுக்கு மேலே தண்ணீர் தெரியும். நானாவின் அரைப்படி வெளிச்சத்தில் அது தெரியுமோ என்னவோ.

பயணத்துக்கு இன்னும் பதினாறு நாள். கண்டக்குழியில் எனக்குக் கிடைப்பது இரண்டு லுஹர், ஞாயிறும் திங்களும். தனியே என்றால் நாலு ரக்அத், இமாமுக்குப் பின்னால் என்றால் எட்டு.

நேற்று மத்தியானம் குளிசைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஒன்பது, ஒன்பது நாளைக்கு. ரிஸ்வான் வந்து கதவடியில் நின்றான்.

"வாப்பா, அங்க லுஹர் எத்தன மணிக்கு?"

நான் முப்பத்தெட்டில் இருந்தேன்.

"பலகையில கதிரைய நான்தானே தள்ளணும். தள்ளிட்டு வெளியில நிக்கவா? இல்ல, நானும் உள்ள வரணுமா?"

நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. நான் நிமிரவில்லை. அவன் மறுபடி கேட்கவில்லை, போகவுமில்லை. தோளைத் தொட்டும் பார்க்கவில்லை. நிலையில் சாய்ந்துகொண்டு என் விரல்களைப் பார்த்தபடி, எண்ணி முடியும்வரைக்கும் நின்றான்.

எண்பத்தொன்று. பெட்டியை மூடிவிட்டு, "ஓம், மகன். உள்ள வா," என்றேன்.